குறும்படம் எடுப்போரும் பதிப்புரிமைச் சட்டமும்

தாம்பரம் வட்டாரத்தே சிறுபொருள் கொண்டு குறும்படம் எடுக்க முற்படும் இளைஞர், நண்பர் அமைத்துத் தந்த இசைக்கு அவர் வாய்ச்சொல்லே போதுமெனக் கருதுவர். போதாது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றம் எழுத்தில் அமைந்து, உரிமையாளர் கையொப்பமும் பெற்றிருத்தல் வேண்டும். காலம் குறியாவிடின் அது 5 ஆண்டுகளுக்கே எனக் கொள்ளப்படும். இடம் குறியாவிடின் இந்தியாவிற்குள் மட்டுமே என ஊகிக்கப்படும். அயல்நாட்டு விழாவிற்குப் படம் அனுப்ப விழைவார்க்கு இஃது எத்துணைப் பெரிய தடை! ஆதலின் 'உலக முழுவதும்' என்னும் இரு சொற்களையும், வேண்டிய ஆண்டுக் கணக்கையும் படப்பிடிப்பின் முன்னரே எழுதிப் பெறுக. நட்புக் கசந்தபின் கையொப்பம் கேட்பது அரிது.

வழக்கறிஞர்க்குப் பொருளீய இயலாதார், சென்னை உயர்நீதிமன்ற வளாகத்திலுள்ள மாநிலச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். 1987ஆம் ஆண்டுச் சட்டப்படி மகளிர்க்கும், பட்டியல் சாதியினர்க்கும், பழங்குடியினர்க்கும் வருமான வரம்பின்றியே இலவச உதவி உண்டு. தொலைபேசி எண் 15100.