கௌச்சிக்குக் கப்பலேறும் பிள்ளைகளுக்கு

ஷாங்காய்க்கு வேலைக்கும் படிப்புக்கும் வந்திருக்கிற நம் பிள்ளைகள் கோடை பிறந்தால் ஒரே கேள்வியோடு வருகிறார்கள்: "அண்ணாச்சி, அந்தக் கொடி படர்ந்த கிராமத்துக்கு எப்படிப் போவது?" கைப்பேசியில் படம் பார்த்த ஆசை. அந்தக் கிராமம் இருப்பது ஷெங்ஷான் தீவில். பக்கத்துத் தீவு கௌச்சி. இரண்டையும் ஒரு பாலம் இணைக்கிறது. ஜெஜியாங் மாகாணத்து ஜௌஷான் தீவுக்கூட்டத்தில் இன்றும் கடலை நம்பிப் பிழைக்கிற ஊர்கள் இவை. ஆளுக்கொரு தரம் சொல்லி வாய் வலிக்கிறது; எழுதியே தருகிறேன்.

1. காற்றைக் கேட்டுவிட்டு விடுப்புக் கேளுங்கள். நான்பூ பாலத்தருகே பேருந்து ஏறி, 2005-ல் திறந்த 32.5 கிலோமீட்டர் நீளமுள்ள தோங்ஹாய் பாலத்தைக் கடந்து, ஷென்ஜியாவான் துறையில் கப்பல் பிடிக்க வேண்டும். பேருந்து கட்டாயம் வரும். கப்பலுக்கு அந்த உறுதி கிடையாது. வசந்தத்தில் மூடுபனி, ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை சூறாவளி, குளிர்காலத்தில் வாடைக்காற்று. எதற்கு வேண்டுமானாலும் போக்குவரத்தை நிறுத்துவார்கள். திங்கட்கிழமை காலை முக்கியமான கூட்டம் இருக்கிறவர் ஞாயிற்றுக்கிழமைக் கடைசிக் கப்பலை நம்பக் கூடாது. நிறுத்திவிட்டால் டிக்கெட் கவுன்டரில் சண்டை போடாதீர்கள். அங்கே உட்கார்ந்திருக்கும் பெண்ணா காற்றடிக்க வைத்தாள்?

2. பாஸ்போர்ட் கையில் இருக்கட்டும். கப்பல் டிக்கெட்டும் தங்குமிடமும் அதில்லாமல் நடக்காது. வீட்டு மாடியில் அறை விடுகிறவர்களிடம், வெளிநாட்டவரைப் பதிவு செய்ய முடியுமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

3. எல்லாத் தீவிலும் நீலக்கடலை எதிர்பார்க்காதீர்கள். யாங்சி ஆறு கொண்டுவந்து கொட்டுகிற வண்டல், கரைக்கு நெருங்கிய தீவுகளைச் சுற்றித் தண்ணீரைக் கலங்கலாக்கிவிடும். கௌச்சியும் ஷெங்ஷானும் கிழக்கே தள்ளி இருப்பதால் கோடையில் அங்கே தெளிவு அதிகம். பழுப்புத் தண்ணீரைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு சேதி: அந்த ஆற்றுநீர் சுமந்துவரும் சத்தும் தெற்கிலிருந்து ஏறிவரும் வெதுவெதுப்பான நீரோட்டமும் கலப்பதால்தான் ஜௌஷான் சீனாவின் பேர்போன மீன்களம் ஆனது.

4. மீன் தின்னப் போகிறவர்கள் நாள்காட்டியைப் பாருங்கள். மே 1-ஆம் தேதி மீன்பிடித் தடைக்காலம் தொடங்கும். வலையின் வகையைப் பொறுத்து ஆகஸ்டிலோ செப்டம்பர் நடுவிலோ முடியும். அந்த மாதங்களில் "இன்று கடலில் பிடித்தது" என்று யாராவது பெரிய மீனை நீட்டினால் சிரித்துவிட்டு நகருங்கள். சாவாளைக்குக் குளிர்காலம்தான் பருவம். ஒரு காலத்தில் அந்தப் பருவத்தில் பல மாகாணப் படகுகள் ஷெங்ஷான் துறையை அடைத்துக்கொண்டு நிற்கும். மஞ்சள் கத்தாழையின் கதை வேறு. 1970-களில் வரைமுறையில்லாமல் அரித்தெடுத்ததில் கடலில் அருகிப்போய், இன்று தட்டில் வருவது பெரும்பாலும் கூண்டில் வளர்த்தது. அதுவும் ருசிதான், கடல்மீன் விலை மட்டும் கொடுக்காதீர்கள்.

5. தடைக்காலத்தில் துறை தூங்கும் என்று நினைக்க வேண்டாம். கோடையில்தான் கௌச்சியில் சிப்பி அறுவடை. கரையிலிருந்து பார்த்தால் கடலில் மிதவைகள் வரிசை வரிசையாக, உழுத சால்போல் தெரியும். ஒவ்வொரு வரிசையிலிருந்தும் கயிறுகள் நீருக்குள் தொங்கும். கருஞ்சிப்பிக் குஞ்சுகள் தம் நார்களால் அதைப் பற்றிக்கொண்டு, நீரோட்டம் கொண்டுவரும் நுண்ணுயிர்களை வடிகட்டித் தின்று பருக்கும். தீவனம் போட வேண்டியதில்லை. பருத்த பிறகு படகில் போய்க் கயிறோடு தூக்கி, கரையில் பிரித்து, கழுவி, அவிப்பார்கள். மலையேறி நின்று படம் எடுக்கிறவர்கள் பாதிப் பேர் இது என்னவென்று கேட்காமலேயே திரும்புகிறார்கள். துறைக்கு இறங்கிப் பாருங்கள். ஆனால் ஓரமாக நில்லுங்கள். கூடை சுமந்து வருகிறவருக்கு வழிவிடாமல் செல்ஃபி எடுப்பதை நான் பொறுக்க மாட்டேன்.

6. இப்போது ஹௌதௌவான், நீங்கள் கேட்ட கிராமம். "பேய்க் கிராமம்" என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். ஈராயிரத்துக்கு மேற்பட்டோர் வாழ்ந்த வளமான மீனவ ஊர் அது. படகுகள் பெரிதாகப் பெரிதாக அந்தச் சின்ன வளைகுடா போதவில்லை. சரிவான மலைக்கு அப்பால் இருந்ததால் சாமான் கொண்டுவருவதும் பிள்ளைகளைப் படிக்க வைப்பதும் பாடாக இருந்தன. 1990-களில் குடும்பம் குடும்பமாகப் பெயர்ந்தார்கள். பூட்டிய வீடுகள்மேல் கொடி ஏறியது. 2015-ல் அந்தப் படங்கள் உலகமெங்கும் பரவிய பிறகு கட்டணம் வந்தது, பார்வை மேடை வந்தது. கோடையில் போனால் பச்சை. குளிர்காலத்தில் போனால் வெறும் தண்டும் காரையும் தெரியும். எனக்கென்னவோ இரண்டாவதே பிடிக்கும், ஜன்னல் எங்கே, அடுப்படி எங்கே என்று வீட்டின் அமைப்பு அப்போதுதான் புரிகிறது. எந்தப் பருவமானாலும் தடுப்பைத் தாண்டி உள்ளே போகாதீர்கள். உத்திரம் உளுத்த வீடுகள். மேலும், அவை இன்னொருவர் பிறந்து வளர்ந்த வீடுகள்.

7. சூரிய உதயம் பார்க்க ஷெங்ஷானின் கிழக்குச் செங்குத்துப் பாறைப் பக்கம் போவார்கள். ஜூனில் ஐந்து மணிக்கு முன்பே விடிந்துவிடும். வண்டியை முந்தைய இரவே பேசி வையுங்கள்.

8. சைவக்காரர்கள் கையில் கொஞ்சம் ஏதாவது எடுத்துப் போங்கள். கீரை வதக்கலிலும் காய்ந்த இறாலைத் தூவிவிடுவார்கள்.

9. இன்னொரு முறை நேரம் கிடைத்தால் தெற்கே தோங்ஜி தீவுகளுக்குப் போங்கள். அதற்கு ஜௌஷான் நகரப் பக்கமிருந்து கப்பல். 1942 அக்டோபரில், 1,800-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் போர்க்கைதிகளை ஏற்றிவந்த லிஸ்பன் மாரு என்ற ஜப்பானியக் கப்பல், கைதிகள் உள்ளே இருப்பது தெரியாமல் அமெரிக்க நீர்மூழ்கி விட்ட குண்டால் அங்கே மூழ்கியது. 800-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தோங்ஜி மீனவர்கள் தங்கள் சிறு படகுகளைத் துடுப்புப் போட்டு ஓட்டிப்போய் 384 பேரைக் கரை சேர்த்தார்கள். கஞ்சிக்கே தட்டுப்பாடான காலத்தில் அவர்களுக்குச் சோறும் போட்டார்கள். தீவுக்காரர் வயதானவராக இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டுப் பேச்சை ஆரம்பியுங்கள்.

10. திரும்பும்போது காய்ந்த சிப்பி வாங்குவீர்கள். வாங்காமல் விட மாட்டார்கள். இரண்டு உறை போட்டு இறுக்கிக் கட்டுங்கள். ஏசி பேருந்தில் அவ்வளவு நீளப் பாலம், ஜன்னலும் திறக்காது.