சீனர் கோயில் என்று நாம் சொல்லும் கோயில்

சிராங்கூன் சாலைக்கு இணையாக ஓடும் ரேஸ் கோர்ஸ் சாலையில், சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து சில நிமிஷ நடைத் தூரத்தில், வாயிலில் புலியும் சிறுத்தையும் காவலிருக்க, உள்ளே 15 மீட்டர் உயரத்தில் புத்த பகவான் வீற்றிருக்கும் சாக்கியமுனி புத்தகயா ஆலயத்தைச் சிங்கப்பூரின் தேக்கா வட்டாரத்தில் அறியாதவர் இல்லை. ஆயினும் அதன் படியேறி உள்ளே சென்று வந்த தமிழர்களை எண்ணினால் சொற்பமாகவே இருப்பார்கள். சில வாரங்களுக்கு முன் ஒரு மாலை, பெருமாளுக்குச் சாத்த வாங்கிய துளசி மாலை கையில் இருக்க, முதிய அம்மையார் ஒருவர் அந்த வாயிலருகே தயங்கி நின்று, "இது சீனவங்க கோயில்தானே தம்பி, நாம உள்ள போகலாமா?" என்று என்னிடம் கேட்டார். அந்தக் கேள்வியில் நம்மவர் பலருடைய அபிப்பிராயங்கள் அடங்கியிருந்தமையால், அவருக்கு நான் சொன்னவற்றையும் சொல்லாமல் விட்டவற்றையும் இங்கே சற்று விரிவாக எழுதுகிறேன்.

புத்த மதம் சீனருடையது என்பது முதல் நம்பிக்கை. 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சிங்கப்பூர்வாசிகளில் 31.1 விழுக்காட்டினர் தம்மைப் பௌத்தர் என்று பதிந்திருக்க, அவர்களில் மிகப் பெரும்பாலோர் சீனராயிருக்கும் ஊரில், இந்த எண்ணம் எழுவது சகஜமே. ஆனால் 1927இல் இந்த ஆலயத்தை நிறுவியவர் வுத்திசாரர் என்னும் தாய்லாந்துப் பிக்ஷு. உள்ளே, கருங்காலியில் முத்துச்சிப்பி இழைத்து மங்கலச் சின்னங்கள் பொறித்த பெரியதொரு பாதச்சுவடு இருக்கிறது. இலங்கையில் நாம் சிவனொளிபாதம் என்று வணங்கும் மலையுச்சியில் உள்ள சுவட்டின் பிரதி அது. அம்மையாரை அதன் முன் அழைத்துச் சென்று நிறுத்தினேன். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் வந்திருந்தார். யாரும் சொல்லாமலே குனிந்து அதன் விளிம்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். மணிபல்லவத் தீவில் புத்தரின் பாதபீடிகையைக் கண்டு தன் முற்பிறப்பை உணர்ந்த பெண்ணைக் காவிய நாயகியாக்கிய மணிமேகலை, சீத்தலைச் சாத்தனார் தமிழில் பாடியதன்றோ!

சாலையின் மறுபுறம், 1917இல் தோன்றிய லோங் சான் சீ ஆலயத்தில், குவான் இன் அம்மன் எழுந்தருளியிருக்கிறாள். அவளைச் சீனத் தேவி என்று நாம் கும்பிட்டு நகர்ந்துவிடுகிறோம். அவலோகிதேசுவரர் என்னும் போதிசத்துவரே சீன தேசத்தில் நாளடைவில் பெண்ணுருக்கொண்டு குவான் இன் ஆனார் என்பதும், அவர் உறைவதாகப் பௌத்த நூல்கள் கூறும் போதலக மலை நம் பொதிகையே என்று ஆய்வாளர் பலர் கருதுவதும், வீரராசேந்திர சோழன் காலத்தில் புத்தமித்திரனார் அவன் பெயரால் இயற்றிய வீரசோழியம் என்னும் இலக்கண நூல், அகத்தியர் தமிழ் கற்றது அந்த அவலோகிதரிடமே என்று சொல்வதும், நம் பிள்ளைகளுக்குப் பாடசாலையில் ஒருமுறையேனும் சொல்லப்பட வேண்டிய செய்திகள். தமிழை அகத்தியருக்குக் கற்பித்தவராக ஒரு தமிழ் நூல் போற்றியவரின் சந்நிதியைக் கடந்துதான் தேக்காவில் நாம் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு திரும்புகிறோம்.

கடைகளில் பணப்பெட்டிக்குப் பக்கத்தில் தொந்தியும் சிரிப்புமாக அமர்ந்திருப்பவரைப் புத்தர் என்று நினைப்பது மற்றொரு பிழை. அவர் 10ஆம் நூற்றாண்டை ஒட்டி வாழ்ந்ததாகச் சொல்லப்படும் பூதாய் என்ற சீனத் துறவி. அந்தப் பெயருக்கே துணிப்பை என்று பொருள். அவரை இனி வரப்போகும் மைத்திரேயரின் வடிவமாகச் சீனர் கொண்டாடுகிறார்கள். கபிலவஸ்துவின் கௌதமர் வேறு.

புத்தர் பெருமாளின் ஒன்பதாவது அவதாரந்தானே, ஆகவே அது நம் மதத்தின் ஒரு கிளைதானே என்று அன்போடு சொல்வோரும் உண்டு. வடநாட்டில் வழங்கும் தசாவதார வரிசையில் புத்தருக்கு இடமுண்டு. தமிழ்நாட்டு வைஷ்ணவ மரபோ அந்த இடத்தைப் பலராமருக்கு அளித்திருக்கிறது. பௌத்தர்கள் தம் ஆசானை எவருடைய அவதாரமாகவும் ஏற்பதில்லை. அதனால் பௌத்தம் தேவர்களை இல்லையென்று தள்ளும் நாத்திகம் என்று எண்ணிவிடவும் கூடாது. ஞானம் பெற்ற புத்தர் மௌனமாய் இருந்துவிட நினைத்தபோது, உலகுக்கு உபதேசிக்குமாறு வேண்டிக்கொண்டவர் பிரம்மதேவரே என்று பாலி நூல்கள் கூறும். தேவர்கள் உண்டு, ஆனால் அவர்களும் பிறப்பிறப்புச் சுழலில் அகப்பட்டவர்கள் என்பதே அங்கே சித்தாந்தம். ரேஸ் கோர்ஸ் சாலை ஆலயத்தினுள்ளேயே பிரம்மாவின் உருவமும் பிள்ளையாரின் உருவமும் இருக்கின்றன. அம்மையார் பிள்ளையாரைக் கண்டதும் தலையில் குட்டிக்கொண்டார்.

பௌத்தர் அனைவரும் சைவ உணவினர் என்பதும் முழு உண்மையன்று. சீனத் துறவியர் புலாலை அறவே நீக்குவர்; தாய்லாந்து, இலங்கைப் பிக்ஷுக்களோ, தமக்கென்று கொன்றதைக் கண்டிராமலும் கேட்டிராமலும் ஐயுறாமலும் இருப்பின், பிக்ஷாபாத்திரத்தில் விழுந்ததை உண்பர்.

இனிச் சொல்லப்போவது மனத்தை வருத்துவது. யாழ்ப்பாணத்துத் தொடர்புடைய குடும்பங்களில் மட்டுமல்ல, இந்நகரத் தமிழர் பலருடைய உள்ளத்திலும், பௌத்தம் என்றால் சிங்களம், சிங்களம் என்றால் 1983ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இலங்கைத் தமிழரைச் சுட்ட தீ, என்ற எண்ணம் ஆழப் பதிந்திருக்கிறது. அந்தத் துயரம் மெய். அதன் காயத்தை ஆற்றும் வல்லமை என் எழுத்துக்கு இல்லை. ஆயினும் தர்மத்தை அதன் பெயரால் நடந்த அரசியலோடு சேர்த்து எறிந்துவிட்டால், நம்முடையதையும் சேர்த்தே எறிந்தவர்களாவோம். சிங்களப் பிக்ஷுக்கள் இன்றும் மரியாதையோடு ஓதும் பாலி நூல்கள் சிலவற்றை, சோழநாட்டவரான புத்ததத்தர் என்னும் தேரர் காவிரிக் கரையிலிருந்து எழுதினார். சம்பந்தர் காலத்தோடு பௌத்தம் தமிழகத்தில் அழிந்தது என்பாரும் சற்று நாகப்பட்டினத்தை நினைக்க வேண்டும். சைவனான ராஜராஜ சோழன் காலத்தில், கடல் கடந்த ஸ்ரீவிஜயத்துச் சைலேந்திர மன்னன் அங்கே சூடாமணி விகாரத்தை எழுப்பினான். அதற்குச் சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைத் தானமாக அளித்தான். அதைப் பொறித்த செப்பேடுகள் பின்னர் ஹாலந்து தேசத்து லெய்டன் நகரைச் சென்று சேர்ந்தன. 1856 முதல் நாகப்பட்டினத்து மண்ணிலிருந்து கிடைத்த பௌத்தப் படிமங்கள் 300க்கும் மேற்பட்டவை. அவற்றுள் சோழர் காலத்துக்கு வெகுவாகப் பிற்பட்டவையும் உண்டு. அங்கே எஞ்சி நின்ற பழைய செங்கற்கோபுரம் 1867இல்தான் இடிக்கப்பட்டது. அதே நாகப்பட்டினத்தில் ரஜுலா கப்பலேறித்தான் நம் பாட்டன்மார் பலர் இங்கே வந்து இறங்கினார்கள்.

விடைபெறும்போது அம்மையார், இங்கே எப்போது திருவிழா என்று கேட்டார். விசாகப் பௌர்ணமி என்றேன். விசாகம் என்னும் சொல்லே வெசாக் என்று திரிந்து சிங்கப்பூரின் விடுமுறை நாட்களில் ஒன்றாயிற்று என்றும், மணிமேகலைக் காவியத்தில் ஆபுத்திரன் கையிலிருந்த அமுதசுரபி என்னும் பாத்திரம், கோமுகிப் பொய்கையில் ஆண்டுதோறும் மேலெழுந்தது அந்நாளில்தான் என்றும் சொன்னேன். பஞ்சாங்கக் கணக்கால் சில ஆண்டுகளில் ஒரு மாதம் முன்பின்னாக வந்தாலும், 2024ஆம் ஆண்டு மே 22ஆம் தேதி வெசாக்கும் வைகாசி விசாகமும் ஒரே நாளில் வந்தன.

"அன்னைக்கு முருகனுக்குப் பால்குடம் எடுத்தேனே தம்பி" என்று சொல்லிக்கொண்டே, துளசி மாலையிலிருந்து ஒரு கண்ணியைக் கிள்ளி எடுத்து, அந்தப் பாதச்சுவட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு, மீதியைப் பெருமாளுக்கு எடுத்துக்கொண்டு அவர் சாலையில் இறங்கினார்.