பழைய ரிசீவரை ஸ்மார்ட் ஹோமில் சேர்ப்பது எப்படி?



இந்த எபிசோடில் நேரம் போதாமல் விட்டுப்போன பகுதி இது: ஹாலில் இருக்கும் ஏவி ரிசீவரை ஸ்மார்ட் ஹோமோடு இணைப்பது. பக்கத்தில் வச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா செய்ய வசதியா இருக்கட்டும்னு எழுத்திலேயே தர்றேன்.

சுவிட்சர்லாந்தில் இருக்கிறவங்களுக்கு இதில் கூடுதல் காரணம் ஒன்று உண்டு. எஸ்.ஆர்.ஜி. தன் எஃப்.எம். ஒலிபரப்பை 2024 டிசம்பர் 31 அன்று நிறுத்திவிட்டது. பழைய ரிசீவரின் ட்யூனரில் அந்த நிலையங்கள் அதோடு வராமல் போயின. அதுக்காக ரிசீவரையே தூக்கிப் போடணுமா? வேண்டாம். ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் நல்லாத்தானே இருக்கு? ட்யூனர் பார்த்த வேலையை நெட்வொர்க்கிடம் கொடுத்தால் போதும்.

ஹோம் அசிஸ்டன்ட் ஏன்?

நான் பயன்படுத்துவது ஹோம் அசிஸ்டன்ட். வீட்டுக்குள்ளேயே ஒரு சின்ன ராஸ்பெர்ரி பையில் ஓடும். இன்டர்நெட் போனாலும் வால்யூம் பட்டன் வேலை செய்யும். 2024 முதல் இந்த புராஜெக்டை ஓப்பன் ஹோம் ஃபவுண்டேஷன் என்ற லாப நோக்கமில்லாத சுவிஸ் அமைப்பு பார்த்துக்கொள்கிறது. ஒரு கம்பெனி தன் கிளவுட் சர்வரை மூடினால் நம்ம வீட்டு ரிசீவர் ஊமையாகிவிடக் கூடாது, இல்லையா?

ரிசீவரோடு பேசுவது

லேன் போர்ட் உள்ள டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் பல, டெல்நெட் வழியா 23-ஆம் போர்ட்டில் கட்டளை கேட்கும். கட்டளைகள் ரொம்ப எளிமை. வால்யூமுக்கு எம், வி என்ற 2 எழுத்து, பிறகு ஒரு எண். 80 என்றால் 0 டெசிபல், 40 என்றால் மைனஸ் 40. ஓன்கியோவுக்கு வேறு மொழி, போர்ட் 60128. இதையெல்லாம் நாம் டைப் பண்ண வேண்டியதில்லை. ஹோம் அசிஸ்டன்டின் இன்டக்ரேஷன் பார்த்துக்கொள்ளும். ஆனா உள்ளே என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா, பிரச்சினை வரும்போது எங்கே தேடணும்னு புரியும்.

செய்ய வேண்டியவை:

1. ரிசீவர் மெனுவில் நெட்வொர்க் கன்ட்ரோலை எப்போதும் ஆனில் வையுங்க. இல்லாவிட்டால் அணைக்கலாம், திரும்ப எழுப்ப முடியாது. ஸ்டேண்ட்பையில் கரண்ட் கொஞ்சம் கூடுதலா எடுக்கும்.
2. ரௌட்டரில் ரிசீவருக்கு நிலையான ஐபி முகவரி ஒதுக்குங்க. முகவரி மாறினால் இணைப்பு அறுந்துபோகும்.
3. ரிசீவர் வேறு சப்நெட்டில் இருந்தால் தானாகக் கண்டுபிடிக்காது. ஐபியைக் கையால் கொடுங்க.
4. ஆன் செய்த பிறகு அடுத்த கட்டளைக்கு முன்னால் குறைந்தது 1 விநாடி இடைவெளி விடுங்க. உடனே இன்புட் மாற்றச் சொன்னால், பாதித் தூக்கத்தில் இருக்கும் ரிசீவர் காதில் வாங்காது.

ஒரு எச்சரிக்கை: இந்த டெல்நெட்டுக்கு பாஸ்வேர்ட் கிடையாது. ரௌட்டரில் அந்த போர்ட்டை வெளியே திறந்துவிடவே கூடாது. விருந்தாளிகளுக்கு கெஸ்ட் வைஃபை கொடுங்க.

லேன் போர்ட்டே இல்லையா?

ஐஆர் பிளாஸ்டர் ஒன்று வாங்கினால் போதும். ரிமோட் அனுப்பும் சிக்னலை அதுவே அனுப்பும். ஆனா இது ஒருவழிப் பேச்சு. ரிசீவர் உண்மையில் ஆனா, ஆஃபா என்று ஹோம் அசிஸ்டன்டுக்குத் தெரியாது. ஆனுக்கும் ஆஃபுக்கும் தனித்தனி ஐஆர் கோட் இருக்கான்னு தேடிப் பாருங்க. ரேடியோவுக்கு, ஆக்ஸ் இன்புட்டில் ஒரு சின்ன ஸ்ட்ரீமரைச் செருகலாம். ஸ்மார்ட் பிளக் மட்டும் நம்பாதீங்க. கரண்ட் வந்ததும் பல ரிசீவர்கள் ஸ்டேண்ட்பையிலேயே நின்றுவிடும்.

முதலில் எழுத வேண்டிய ஆட்டோமேஷன்

காலையில் காபியோடு ரேடியோ ஓடுவது நல்லாத்தான் இருக்கும். ஆனா நான் முதலில் எழுதச் சொல்வது வேறு: இரவு 10 மணிக்கு மேல் வால்யூம் உச்சவரம்பு. இங்கே பெரும்பாலும் வாடகை அடுக்குமாடி வாழ்க்கை. இரவு 10-க்கு மேல் அமைதி என்று வீட்டு விதியிலேயே எழுதியிருப்பது சகஜம். படத்தில் வசனம் கேட்கலைன்னு ஏற்றுவோம், அடுத்த நிமிஷம் சண்டைக் காட்சி வரும். கீழ்வீட்டுக் குழந்தை எழுந்துடும்.

டெனான் இன்டக்ரேஷனில் டெல்நெட் அப்டேட்டை ஆன் செய்தால், ரிசீவரின் திருகைக் கையால் சுற்றினாலும் அந்தச் செய்தி உடனே வரும். 10-க்கு மேல் வால்யூம் வரம்பைத் தாண்டினால் வரம்புக்கே இறக்கு. அவ்வளவுதான், ஒரு டிரிகர், ஒரு கண்டிஷன், ஒரு ஆக்‌ஷன். வரம்பு எவ்வளவு? கதவைச் சாத்திட்டு மாடிப்படியில் நின்று கேளுங்க. சத்தம் கேட்காத அளவே உங்க எண்.

இந்த வார வீட்டுப்பாடம் அதுதான். உங்க ரிசீவர் மாடலையும், எந்தப் படியில் நின்றதுன்னும் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் பார்ப்போம்.