வீட்டுத் தொட்டியில் ஆப்பிரிக்கச் சிக்ளிட் மீன்கள்

கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிக்கா, விக்டோரியா ஆகிய பேரேரிகளில் சிக்ளிட் என்னும் மீன்குடும்பம் பல நூறு இனங்களாகப் பெருகியுள்ளது. கேரளத்துக் காயல்களில் கிடைக்கும் கரிமீனும் இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. மலாவி ஏரியின் பாறைக் கரைகளில் வாழும் சிக்ளிட்டுகள் 'ம்புனா' எனப்படும். மஞ்சள், நீலம் முதலிய நிறங்களால் அழகு பெற்ற இவை வீட்டுத் தொட்டிகளுக்கு ஏற்றவை. ஆயினும், பிற அலங்கார மீன்களுக்குரிய விதிகள் யாவும் இவற்றிற்குப் பொருந்தா.

தண்ணீர்

ம்புனாவிற்குக் காரத்தன்மையுள்ள நீர் வேண்டும். பி.எச். எண் 7.8 முதல் 8.5 வரையும், வெப்பநிலை சுமார் 25 டிகிரி சென்டிகிரேடும் இருத்தல் நன்று. மழைநீர் மட்டும் பயன்படாது. மணலுடன் சுண்ணாம்புக்கல்லோ கிளிஞ்சல் தூளோ கலந்தால் காரத்தன்மை நிலைபெறும்.

மீன் கழிவிலிருந்து அம்மோனியா தோன்றுகிறது. கார நீரில் அதன் நச்சுத்தன்மை மிகுதி. வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை மீன்களை விடாது, சிறிதளவு அம்மோனியாவை மட்டும் சேர்த்துவர வேண்டும். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் நீரில் இல்லை எனச் சோதனையால் தெளிந்த பின்னரே மீன்களை விடலாம்.

எண்ணிக்கை

120 செ.மீ. நீளமும் 40 செ.மீ. அகலமும் 45 செ.மீ. உயரமும் உடைய தொட்டியின் கொள்ளளவு 216 லிட்டர். இதில் நான்கைந்து ம்புனாக்களை மட்டும் விட்டால், வலிய ஆண் ஒன்று தொட்டி முழுவதையும் தனதாக்கிக்கொண்டு, எளியதொரு மீனை ஓயாது துரத்திக் கொன்றுவிடும். மூன்று இனங்களில் 12 முதல் 15 மீன்கள் வரை இருப்பின், அதன் சீற்றம் பலர்மீதும் பரவுதலால் எந்த மீனுக்கும் பெருந்தீங்கு நேராது. ஒவ்வோர் இனத்திலும் ஓர் ஆணுக்கு மூன்று அல்லது நான்கு பெண்கள் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் இளம் பருவத்திலேயே ஒருசேர விடுதல் நலம். முன்வந்த மீன் பின்வந்ததைத் தன் எல்லையில் பொறுப்பதில்லை. ஒளிந்துகொள்ளக் கற்குவியல்களும் இன்றியமையாதவை.

மீன்கள் மிகுதியாதலால் கழிவும் மிகும். எனவே ஆற்றல் மிக்க வடிகட்டி வேண்டும். வாரந்தோறும் கால்பங்கு நீரையும் மாற்றுதல் வேண்டும். ம்புனாக்கள் பெரும்பாலும் பாறைப் பாசியை உண்பவை. ஆதலால் தாவர உணவே முதன்மையாக அமைதல் வேண்டும்.

குஞ்சுகளும் நமது நீர்நிலைகளும்

பெண் மீன் முட்டைகளை வாயில் ஏந்தி, சுமார் மூன்று வாரம் காத்து, நீந்தவல்ல குஞ்சுகளாக வெளிவிடுகிறது. மாணவர்க்கு இது சிறந்த பாடமாகும். ஆனால் இடம் போதாமையால் மிகுந்த குஞ்சுகளைக் குளத்தில் விட எண்ணுவோர் உண்டு. ஆப்பிரிக்காவின் மற்றொரு சிக்ளிட்டாகிய திலாப்பியா உணவுக்காக 1952இல் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. அதுவும் குஞ்சுகளை வாயில் காப்பதே. ஜிலேபிக் கெண்டை எனப் பெயர் பெற்று ஏரி, ஆறுகளில் பரவிவிட்ட அம்மீனை இனி அகற்றுதல் இயலாது; உணவுக்கும் இடத்திற்கும் அது உள்நாட்டு மீன்களோடு போட்டியிடுகிறது. ஆகவே, மிகுந்த மீன்களை விற்பனையாளரிடமோ வளர்ப்போரிடமோ சேர்ப்பிக்க வேண்டுமேயன்றி, எந்நீர்நிலையிலும் விடலாகாது. மீன்களை வாங்குமுன்னரே இதற்கு வழிசெய்து கொள்ளுதல் வேண்டும்.