பஞ்சுக்குச்சியில் இருந்த பெண்

அன்புள்ள தங்கைக்கு,

தடய அறிவியல் ஆய்வகத்தின் உயிரியல் பிரிவில் சேர்ந்திருக்கிறாய் என்று கேட்டு மகிழ்ச்சி. பெரிய கருவிகளைப் பற்றிப் பிறகு பேசலாம். முதலில் பஞ்சுக்குச்சி.

2007 ஏப்ரலில் ஜெர்மனியின் ஹைல்பிரான் நகரில், பணியில் இருந்த 22 வயதுப் பெண் காவலர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடைய காரில் கிடைத்த டி.என்.ஏ. முகம் தெரியாத ஒரு பெண்ணுடையது. 1993-இல் கொலையுண்ட ஒரு முதிய பெண்ணின் வீட்டுக் கோப்பையிலும் அதே டி.என்.ஏ. ஜெர்மனி, ஆஸ்திரியா, பிரான்ஸ் என்று மூன்று நாடுகளில், கொலை முதல் சில்லறைத் திருட்டு வரை, சுமார் 40 இடங்களில் அவள் தடம். துப்புக் கொடுப்பவருக்கு 3 லட்சம் யூரோ பரிசு அறிவித்தார்கள்.

2009-இல் விஷயம் வெளிவந்தது. அப்படி ஒரு கொலைகாரியே இல்லை. தடயம் எடுத்த பஞ்சுக்குச்சிகளில், அவற்றை உற்பத்தி செய்த இடத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணின் டி.என்.ஏ. ஒட்டியிருந்தது. குச்சிகள் கிருமிநீக்கம் செய்யப்பட்டவைதான். ஆனால் கிருமி செத்தாலும் டி.என்.ஏ. தங்கிவிடும். காவலரைக் கொன்றது ஒரு நவநாஜிக் கும்பல் என்பது 2011-இல்தான் தெரிந்தது.

யாருடைய டி.என்.ஏ. என்பதைக் கருவி சரியாகவே சொன்னது. அது அங்கே எப்படி வந்தது என்று கேட்க வேண்டியவர்கள் மனிதர்கள்.

நாளை உன் மேசைக்கு ஒரு சட்டை வரும். கறையை வடிதாளால் லேசாகத் தேய்ப்பாய். பினாப்தலீன் கரைசல் ஒரு சொட்டு, பிறகு ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு சொட்டு. சில நொடிகளில் இளஞ்சிவப்பு பூத்தால், 'இரத்தமாக இருக்கலாம்' என்று மட்டும் எழுது. சில காய்கறிச் சாறுகளும் அந்த நிறத்தைக் காட்டும். பெராக்சைடு விடுமுன்பே சிவந்தால் அந்த முடிவை நம்பாதே. துணி ஈரமாக வந்தால் உலர்த்திக் காகித உறையில் வை. பிளாஸ்டிக் பையில் புழுங்கினால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. சிதைந்துபோகும். பொருளுக்குப் பொருள் கையுறையை மாற்று.

இவ்வளவு கவனம் யாருக்காக? இங்கிலாந்தின் லெஸ்டர் அருகே 1983-இலும் 1986-இலும் இரண்டு சிறுமிகள் கொல்லப்பட்டார்கள். ஒரு கொலையை 17 வயதுப் பையன் ஒப்புக்கொண்டான். மரபியலாளர் அலெக் ஜெஃப்ரிஸ் தாம் 1984-இல் கண்டறிந்த டி.என்.ஏ. அடையாள முறையால் சோதித்தார்: இரண்டையும் செய்தது ஒரே ஆள், அது அந்தப் பையன் இல்லை. பையன் விடுதலையானான். பிறகு சுமார் 5,000 ஆண்களிடம் மாதிரி கேட்டார்கள். உண்மைக் குற்றவாளி தனக்குப் பதிலாக உடன் வேலை பார்த்தவரை இரத்தம் கொடுக்க வைத்திருந்தான். மதுக்கடைப் பேச்சில் அது கசிந்தது. 1988-இல் தண்டனை பெற்றான். குற்றவாளியைப் பிடிக்குமுன் ஒரு நிரபராதியைக் காப்பாற்றிய துறை இது.

ஆகவே, வேலையைத் தொடங்குமுன் ஒன்று செய். உன் கன்னத்தின் உட்புறத்தைக் குச்சியால் தடவி, உன் டி.என்.ஏ.வை ஆய்வக ஊழியர் பட்டியலில் பதிந்துவை. என்றாவது ஒரு வழக்கில் முகம் தெரியாத பெண் ஒருத்தி தென்பட்டால், முதலில் அந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

அன்புடன்,
உன் அண்ணன்