பயணி விமானம் படகாகுமா?
(மாதிரி விமானத்தில் ஒரு பாடம்)

2024 நவம்பர் 11 அன்று கொச்சி போல்காட்டியின் காயல் நீரிலிருந்து எழுந்த ஒரு சிறு விமானம், மூணாறை அடுத்த மாட்டுப்பட்டி அணையின் நீரில் வந்து இறங்கியது. கனடா நாட்டு டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் ட்வின் ஓட்டர் என்னும் விமானம் அது. அப்பயணம் ஒரு சோதனையே. ஆயினும், பிளாஸ்டிக் மாதிரி விமானங்களை ஒட்டிப் பழகிய மாணவர் எவருக்கும் உடனே ஓர் ஆசை பிறக்கும்: கடையில் கிடைக்கும் பயணி விமானப் பெட்டி ஒன்றை வாங்கி, உலகில் எங்கும் இல்லாத ஒரு பறக்கும் படகாக அதை மாற்றினால் என்ன?

மாற்றலாம். ஆனால் கற்பனை விமானமாயினும் நீரின் விதிகளுக்கு அது கட்டுப்பட வேண்டும். அவ்விதிகள் எவை என்பதைக் காண்போம்.

நீரில் இறங்கும் விமானங்கள் இருவகைப்படும். சாதாரண விமானத்தின் சக்கரங்களை நீக்கி, இரு மிதவைகளைப் பொருத்தினால் அது மிதவை விமானம். மாட்டுப்பட்டிக்கு வந்தது இவ்வகையே. விமானத்தின் உடலே படகாக அமைந்திருப்பின் அது பறக்கும் படகு. இரண்டாம் உலகப் போரின்போது சென்னையை அடுத்த புழல் ஏரியிலும், இலங்கையின் கொக்கல ஏரியிலும் தங்கியிருந்த கட்டலினா விமானங்கள் பறக்கும் படகுகளாம்.

நமது பயிற்சிக்கு டக்ளஸ் டி.சி.-3 என்னும் பழைய பயணி விமானத்தை எடுத்துக்கொள்வோம். 72-இல் 1 பங்கு அளவில் இதன் மாதிரி கிடைக்கிறது. உண்மை விமானத்தின் இறக்கை நீளம் 29 மீட்டர். மாதிரியில் அது 40 சென்டிமீட்டர். போர்க் காலத்தில் அமெரிக்கர் இவ்விமானத்தின் இராணுவ வடிவத்துக்கு இரு பெரும் மிதவைகளைப் பொருத்திப் பறக்கவிட்டதுண்டு. நாமோ அதன் உடலையே படகாக்கப் போகிறோம்.

முதற் கேள்வி, அது எவ்வளவு ஆழம் அமிழும் என்பது. முழுச் சுமையுடன் டி.சி.-3-இன் எடை ஏறத்தாழ 11,430 கிலோ. ஆர்க்கிமிடீஸ் விதிப்படி அது 11.4 கன மீட்டர் நீரை விலக்கியாக வேண்டும். நீரில் படியும் பகுதி 12 மீட்டர் நீளமும் இரண்டரை மீட்டர் அகலமும் உடைய பெட்டி எனக் கொண்டால், அமிழும் ஆழம் 38 சென்டிமீட்டர். படகின் அடியோ கூரியது, முனைகளும் குறுகியவை. ஆதலால் பெட்டியின் பரும அளவில் பாதியே கிட்டும் எனக் கொள்வோம். ஆழம் 76 சென்டிமீட்டராகிறது. மாதிரியில் இது ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல். அவ்வுயரத்தில் உடலைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கோடு இடுக. அதுவே நீர்மட்டக் கோடு.

கோட்டை இட்டதுமே இரண்டாம் சிக்கல் புலப்படும். டி.சி.-3-இன் இறக்கைகள் உடலின் அடியில் உள்ளன. அவை நீரில் நனையும். சுழலும் விசிறிகளின் மீது நீர்த்திவலைகள் மோதி அவற்றின் ஓரங்களை அரிக்கும். ஆகவே இறக்கைகளை அறுத்தெடுத்து உடலின் மேற்புறத்தில் ஒட்டுக. எஞ்சின்களும் உடன் உயர்ந்துவிடும். கட்டலினாவின் இறக்கை ஒரு தூணின்மேல் நிற்பதும் இதனாலேயே. ட்வின் ஓட்டருக்கோ இயல்பாகவே இறக்கை மேலே உள்ளது.

மூன்றாவது, நீரிலிருந்து விடுபடுதல். வீட்டில் குழாயைத் திறந்து, விழும் நீரில் ஒரு கரண்டியின் முதுகைத் தொடச் செய்து பாருங்கள். நீர் கரண்டியைத் தள்ளாது, தன்னிடம் இழுத்துக்கொள்ளும். வளைந்த அடிப்பகுதியையுடைய விமானத்தையும் நீர் இவ்வாறே பற்றிக்கொள்ளும். இப்பற்றை அறுக்கவே பறக்கும் படகின் அடியில் ஒரு படி வெட்டப்படுகிறது. வேகம் கூடியதும் நீர் அப்படியில் பிரிந்து விலகும். படகு நீரைக் கிழிக்காமல் அதன்மேல் வழுக்கி ஓடும். படியின் இடம் விமானத்தின் ஈர்ப்பு மையத்துக்குச் சற்றே பின்னால் இருத்தல் வேண்டும். மிகவும் பின்னால் அமைந்தால், எழும்பும் நேரத்தில் மூக்கை உயர்த்த முடியாது. பிளாஸ்டிக் அட்டையால் கூரிய அடிப்பகுதியைக் கட்டி, இரண்டு மில்லிமீட்டர் உயரத்தில் படி அமைத்து, இடைவெளிகளில் பட்டி வைத்து உப்புத்தாளால் தேய்த்துவிடலாம். ஆனால் பக்க விளிம்புகளை மட்டும் உருட்டிவிடாதீர்கள். கூரிய விளிம்பே திவலைகளைக் கீழே அடக்குவது.

நான்காவது, சாயாமை. குறுகிய உடலும் உயர்ந்த இறக்கையும் உடைய படகு ஒருபுறம் சாய்ந்துவிடும். எனவே இரு இறக்கைகளின் நுனியருகே சிறு மிதவைகள் தேவை.

இனி ஒரு சோதனை. நீளம் 72-இல் 1 பங்காகும்போது எடை 72-இன் முப்படியில், அதாவது 3,73,248-இல் 1 பங்காக வேண்டும். கணக்கிட்டால் 31 கிராம் வரும். உங்கள் மாதிரி அதற்கு மேல் எடையிருந்தால், வாளி நீரில் இடும்போது நீர்மட்டக் கோடு மூழ்கிவிடும். அது வடிவத்தின் குற்றமன்று, எடையின் குற்றம்.

செய்த மாற்றங்கள் ஒவ்வொன்றும் எடையையோ காற்றுத் தடையையோ கூட்டியிருப்பதையும் கவனியுங்கள். போருக்குப் பின் நீண்ட ஓடுபாதைகள் எங்கும் பெருகியபோது, பெரிய பறக்கும் படகுகள் பயணிகள் போக்குவரத்திலிருந்து மறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் விமானம் எந்த நீரில் இறங்கும்? பாலக்காட்டு மலம்புழை அணையின் நீர்மட்டம் கடலுக்கு மேல் ஏறத்தாழ 115 மீட்டர். மாட்டுப்பட்டியில் ஏறத்தாழ 1,600 மீட்டர். அம்மலை உயரத்தில் காற்றின் அடர்த்தி ஏழில் ஒரு பங்கு குறைவு. அதே எடையைத் தூக்க விமானம் சுமார் 8 விழுக்காடு கூடுதல் வேகம் எடுத்தாக வேண்டும். எஞ்சினின் ஆற்றலும் அங்குக் குறையும். நீரின் அடர்த்தியோ குறைவதில்லை. அதன் தடை மலையிலும் சமவெளியிலும் ஒன்றே. ஆகவே மாட்டுப்பட்டியில் எழும்ப நீண்ட நீர்ப்பரப்பு வேண்டும். அல்லது சுமையைக் குறைக்க வேண்டும்.

அந்நீர்ப்பரப்பு வெறுமையானதும் அன்று. காட்டு யானைகள் அதன் வழியே கடப்பதைச் சுட்டி வனத்துறை கவலை தெரிவித்தது. 2013-இல் கொல்லம் அஷ்டமுடிக் காயலில் தொடங்கிய நீர் விமானத் திட்டம் மீனவர்களின் எதிர்ப்பால் நின்றது. காற்றின் அடர்த்தியைப் போலவே, யானையின் வழியும் மீனவரின் வலையும் கணக்கில் சேர வேண்டியவை. மேசைமேல் உள்ள மாதிரிக்கு அந்தக் கவலை இல்லை. உண்மை விமானத்துக்கு உண்டு.

விடுமுறையில் ஒரு பெட்டியை வாங்கிச் செய்து பாருங்கள். கத்தியை எடுக்கும் முன் பென்சிலை எடுத்து, நீர்மட்டக் கோட்டை முதலில் வரையுங்கள்.