விலை இறங்கும் நாளைப் பிடிக்க 15 குறிப்புகள்

மிக்ஸி வாங்கத் திருச்சிக்குப் பஸ் ஏறிய காலம் மாறிவிட்டது. இப்போது செந்துறையிலும் வேப்பந்தட்டையிலும் பார்சல் வாசலுக்கே வருகிறது. பஸ் செலவு மிச்சம்தான், ஆனால் ஆன்லைனில் விலை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று! எப்போது வாங்கினால் லாபம் என்று கண்டுபிடிக்க, காசு செலவில்லாமல் பிரவுசரிலேயே வழி இருக்கிறது.

1. 'அறுபது சதவீதம் தள்ளுபடி' என்ற கொட்டை எழுத்தைப் பார்த்து மயங்காதீர்கள். அது எம்.ஆர்.பி.யில் இருந்து கழித்த கணக்கு, அந்த எம்.ஆர்.பி.க்குப் பொருளை யாருமே வாங்கியிருக்க மாட்டார்கள். போன மாதம் என்ன விலைக்குப் போனது என்பதுதான் நமக்கு வேண்டிய கணக்கு.

2. கம்ப்யூட்டரில் அமேசான் பார்ப்பவர்கள் குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸில் 'கீப்பா' எக்ஸ்டென்ஷனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பொருளின் பக்கத்திலேயே அதன் பழைய விலைகள் ஒரு கோடாக வந்து நிற்கும். ஃபிளிப்கார்ட்டையும் சேர்த்துப் பார்க்க நம் நாட்டு 'பைஹட்கே' இருக்கிறது.

3. கோட்டை முதலில் மூன்று மாதத்துக்கும் பிறகு ஒரு வருடத்துக்கும் பாருங்கள். 3,499 ரூபாயில் கிடக்கும் மிக்ஸி, நடுநடுவே 2,999-க்கு இறங்கி ஏறியிருந்தால் அதுதான் உங்கள் விலை. ஒரே ஒரு நாள் 2,500-க்கு வந்ததைக் கணக்கில் வைத்தால் காத்துக் காத்துக் கண் பூத்துப்போகும்.

4. விலையைத் தினமும் போய்ப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். கீப்பாவில் நமக்குக் கட்டுபடியாகும் தொகையைக் கொடுத்து வைத்தால், அந்த விலைக்கு இறங்கியதும் மெயிலிலோ டெலிகிராமிலோ தகவல் வரும். நீங்கள் பாட்டுக்கு அடுப்பு வேலையைப் பாருங்கள்.

5. வீட்டில் போன் மட்டும்தானா? போனில் உள்ள குரோம் எக்ஸ்டென்ஷனை ஏற்காது. பொருளின் லிங்க்கை 'ஷேர்' பட்டனில் காப்பி செய்து, விலை வரலாறு காட்டும் தளத்தின் தேடல் பெட்டியில் ஒட்டினால் அதே கோடு போனிலும் தெரியும்.

6. எந்தக் கருவியும் வேண்டாம் என்பவர்கள், பிடித்த பொருளை அமேசான் கார்ட்டில் போட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அடுத்த முறை கார்ட்டைத் திறந்தால், விலை எவ்வளவிலிருந்து எவ்வளவுக்கு மாறியது என்று அதுவே சொல்லும்.

7. ஒரே மாடலில் நிறத்துக்கு ஒரு விலை இருக்கும். சிவப்பு மிக்ஸி 400 ரூபாய் கூடுதல் என்றால் வெள்ளையைத் தொட்டுப் பாருங்கள். அரைக்கப் போகும் சட்னி ஒன்றுதான். கோடும் நிறத்துக்கு நிறம் மாறும் என்பதால் எதைப் பார்க்கிறோம் என்று கவனியுங்கள்.

8. விலையைப் பார்ப்பதற்கு முன்பே நம் ஊர் பின்கோடைக் கொடுத்துவிடுங்கள். பெரம்பலூர் டவுனுக்கு 621212 போட்டால் வரும் விற்பனையாளர், கிராமத்துப் பின்கோடுக்கு அனுப்பாமல் போகலாம். டெலிவரி கட்டணமும் மாறும். கடைசிப் பக்கத்தில் வரும் மொத்தத் தொகைதான் உண்மையான விலை.

9. ஃபிளிப்கார்ட்டின் பிக் பில்லியன் டேஸ் 2014-லும், அமேசானின் கிரேட் இந்தியன் ஃபெஸ்டிவல் 2015-லும் தொடங்கின. இரண்டும் தீபாவளிக்கு முன்னால் வருபவை. அதற்கு இரண்டு வாரம் முன்பே வேண்டிய பொருளின் விலையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். வங்கிக் கார்டு சலுகையும் எக்ஸ்சேஞ்சும் பெரும்பாலும் கோட்டில் ஏறாது, அதை நாம்தான் கழித்துப் பார்க்க வேண்டும்.

10. ஏ.சி., 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டி.வி. வாங்குபவர்கள் 2025 செப்டம்பர் 22-க்கு முந்தைய கோட்டை நம்பாதீர்கள். அன்று ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. வரியோடு 32,000 விற்ற பொருள் வரிக் குறைப்பால் மட்டுமே 29,500-க்கு வந்திருக்க வேண்டும். அதைத் 'தள்ளுபடி' என்று காட்டினால் ஏமாறாதீர்கள்.

11. மக்காச்சோளம் களத்துக்கு வந்த பிறகு தார்ப்பாய் தேடினால், சொன்ன விலைக்குத்தான் வாங்க வேண்டியிருக்கும். தார்ப்பாய், பேட்டரி ஸ்ப்ரேயர் போன்றவற்றுக்குப் போன வருடக் கோட்டைப் பார்த்து, எந்த மாதம் இறங்கியதோ அதற்கு ஒரு அறிவிப்பு வைத்துவிடுங்கள். ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி காயவைக்கிறவர்களுக்கும் இதே யோசனைதான்.

12. சோப்புத்தூள், எண்ணெய், பருப்பு வாங்கும்போது விலை இறங்கியதா, எடை இறங்கியதா என்று பாருங்கள். 1 கிலோ பாக்கெட் 900 கிராமாகியிருந்தால் கோடு அதைச் சொல்லாது. விலையை எடையால் வகுத்து, கிலோவுக்கு எவ்வளவு என்று ஒப்பிடுங்கள்.

13. 'இன்னும் இரண்டுதான் பாக்கி' என்று பொய்யாக அவசரப்படுத்துவதும், கேட்காத பொருளைக் கூடையில் சேர்ப்பதும் 2023 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல்படி தடை செய்யப்பட்டவை. பணம் கட்டும் முன் காப்பீடு, நன்கொடை என்று ஏதாவது டிக் ஆகியிருக்கிறதா என்று பாருங்கள். கம்பெனி காது கொடுக்கவில்லை என்றால் 1915-க்குப் போன் போடுங்கள்.

14. எக்ஸ்டென்ஷன் இலவசம்தான், ஆனால் நாம் திறக்கும் பக்கங்களைப் படிக்க அனுமதி கேட்கும். அமைப்பில் போய் 'கிளிக் செய்தால் மட்டும்' என்று மாற்றுங்கள். பேங்க் வேலையை வேறு பிரவுசரில் வைத்துக்கொண்டால் நிம்மதி.

15. ஆர்டர் போடும் முன் அந்தக் கம்பெனிக்கு நம் ஊரில் சர்வீஸ் உண்டா என்று விசாரியுங்கள். இல்லையென்றால் மிச்சம் பிடித்த 300 ரூபாய் திருச்சிக்குப் போய்வரும் செலவிலேயே போய்விடும். போனில் உள்ள விலைக் கோட்டை அரியலூர் கடைவீதியில் காட்டி, "அண்ணே, இந்த விலைக்கு வருமா?" என்று கேட்டுப் பாருங்கள். நூறு இருநூறு கூடுதலானாலும் அன்றைக்கே கையில் வரும், ரிப்பேர் என்றால் நேரில் போய்க் கேட்க ஆளும் இருக்கும்!